தவறான சிகிச்சையால் பாதிக்கப்பட்டவருக்கு என்னென்ன இழப்பீடு கிடைக்கும்?

சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் போதாது. மருத்துவர் கவனக்குறைவாக நடந்தார், அதனால்தான் பாதிப்பு வந்தது என்று இரண்டையும் காட்ட வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவதில்தான். புற்றுநோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்றால், முன்பே கண்டிருந்தால் மட்டும் முடிவு மாறியிருக்குமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்குப் பதில் சொல்ல அதே துறை மருத்துவர் ஒருவரின் எழுத்துபூர்வக் கருத்து தேவை.

செய்த செலவு, மறுசிகிச்சைச் செலவு, இழந்த சம்பளம், வலிக்கும் மன உளைச்சலுக்குமான தொகை ஆகியவற்றைக் கேட்கலாம். பாதிப்பு நிரந்தரமானால் பெரிய தொகை வருவது எதிர்காலப் பராமரிப்பில். பிரசவத்தின்போது மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கு உதவியாளர், பிசியோதெரபி, அவ்வப்போது மாற்ற வேண்டிய சக்கர நாற்காலி என்று வாழ்நாள் கணக்குப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சமரசத்தில் கையெழுத்திட்டால் பிறகு கூடுதலாகக் கேட்பது அநேகமாக முடியாது.

முதல் வேலையாக மருத்துவக் கோப்பின் முழு நகலை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் உதவாது. செவிலியர் குறிப்புகள், மயக்க மருந்துப் பதிவு, ஸ்கேன் படங்கள் எல்லாம் வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டோமே என்று பலர் தயங்குகிறார்கள். அது சிகிச்சையின் இயல்பான அபாயங்களுக்கான சம்மதமே தவிர, அலட்சியத்துக்கு அல்ல.

வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் 2 அல்லது 3 ஆண்டுகள்தான். நியூசிலாந்து போன்ற சில நாடுகளில் யார் தவறு என்று நிரூபிக்காமலே பொதுத் திட்டத்தில் இழப்பீடு கோரலாம்.