தொட்டில் பக்கம்: நெஞ்சுக்கு எதற்கு ஸ்கேன்?

கேள்வி: மனைவிக்கு பிரஷர் கூடியதால் 37 வாரத்தில், வலி வருமுன்பே சிசேரியன் செய்தார்கள். பிறந்து ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பேபி ரூமில் ஒரு டொக்டர் ஸ்கேன் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். “நுரையீரலில் கொஞ்சம் தண்ணி இருக்கு, ரெண்டு மூணு நாளில் சரியாகும்” என்றார். மறுநாளும் வந்து பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. பிள்ளை இப்போது சுகம். ஆனால் என் மாமியார், “வயித்துக்குப் பார்க்கிற மெசினை நெஞ்சில வச்சி ஏமாத்திட்டாங்க, தோட்டத்து ஆளுங்கன்னா இப்படித்தான்” என்கிறார். அப்படியா?
— ஒரு தந்தை, பொகவந்தலாவை

பதில்: தம்பி, உங்கள் மாமியார் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். கிளினிக் துண்டை நீட்டிய என் அம்மாவை நிமிர்ந்தும் பார்க்காமல் “அடுத்த கிழமை வா” என்று அனுப்பியதை, அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது பிழை.

நுரையீரலை ஸ்கேனில் பார்க்க முடியாது என்றுதான் நான் மருத்துவம் படித்த காலத்தில் எங்களுக்கும் சொன்னார்கள். அதற்குக் காரணம் காற்று. ஸ்கேன் அனுப்பும் ஒலி காற்றில் பட்டால் உள்ளே போகாது, அப்படியே திரும்பிவிடும். நல்ல நுரையீரல் என்றால் காற்றுதானே? அதனால் திரையில் நுரையீரல் தெரியாது. அதன் மேல்தோல் மட்டும் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், மூச்சுக்கு மூச்சு வழுக்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே அதே கோட்டின் எதிரொலிகள், ஏணிப்படி மாதிரி. ஏணி தெரிந்தால் உள்ளே காற்று இருக்கிறது. தண்ணீர் இருந்தால் ஏணி அழிந்து, மேலிருந்து கீழே டோர்ச் வெளிச்சம் அடித்தாற்போல் நெடுங்கோடுகள் இறங்கும். பி கோடுகள் என்போம். வழுக்கல் நின்றுபோனால், நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்து அதை அமுக்குகிறதோ என்று உடனே யோசிப்போம். அதாவது நாங்கள் பார்ப்பது நுரையீரலின் படத்தை அல்ல, ஒலி தடுமாறும் விதத்தை.

இனி உங்கள் பிள்ளை. வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரல் நிறையத் தண்ணீர்தான். பிரசவ வலியோடு சுரக்கும் ஹோர்மோன்கள்தான் அதை உறிஞ்சச் சொல்லும். வலி வராமலே வெளியே எடுத்தால் தண்ணீர் கொஞ்சம் தங்கிவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக வற்றும். விடியற்காலையில் மேட்டு மலையில் நின்று உங்கள் பள்ளத்தாக்கைப் பார்த்திருப்பீர்களே, கீழே பனி அப்பியிருக்கும், மேலே தேயிலை நிரை நிரையாகத் தெளிவாகத் தெரியும். இந்தப் பிள்ளைகள் சிலரின் நெஞ்சும் திரையில் அப்படித்தான். கீழ்ப்பக்கம் கோடுகள் அடர்ந்து வெள்ளையாக, மேல்பக்கம் ஐதாக, நடுவே வெட்டிவைத்தாற்போல் ஓர் எல்லை. இதை 2007இல் எழுதி வைத்தவர்கள் கொப்பெட்டி, கட்டரோசி என்ற இரண்டு இத்தாலிய மருத்துவர்கள். எல்லாப் பிள்ளைகளிலும் இந்த எல்லை தெரிவதில்லை. தெரிந்தால் எங்களுக்குப் பாதி நிம்மதி.

உங்கள் டொக்டர் மறுநாளும் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதன் லாபம். கதிர்வீச்சு இல்லை. பிள்ளையைக் கிடந்த இடத்திலிருந்து தூக்க வேண்டியதில்லை. எத்தனை முறையும் பார்க்கலாம். நான் ஜெல் போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிச் சூடாக்கிய பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன். மலைநாட்டுக் குளிரில் சூடாக்காத ஜெல் பட்டால் அது அழுகிற அழுகையில் திரையில் ஒன்றும் பிடிபடாது. பக்கத்தில் நிற்கும் தாதிமார் வேறு முறைப்பார்கள்!

மெசினைவிடப் பெரிது கை. பழகிய புதிதில், ஒரு பிள்ளையின் மேல்நெஞ்சில் ஈரல் மாதிரி கெட்டியாக ஒன்றைப் பார்த்துவிட்டு நியுமோனியா என்று அதன் தாயிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். என் பெரிய டொக்டர் வந்து கருவியை விரலளவு நகர்த்தினார். அது தைமஸ் சுரப்பி. பிறந்த பிள்ளை எல்லாருக்கும் அங்கே இருப்பது. அன்றிலிருந்து முழு நெஞ்சையும் பார்த்து முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

எக்ஸ்ரே தேவையே இல்லையா என்றால், தேவை. நுரையீரலின் ஓரத்தைத் தொடாமல் ஆழத்தில் இருக்கும் கோளாறு ஸ்கேனில் தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் படம் எடுப்போம். அதன் கதிர்வீச்சும் மிகக் குறைவுதான். உங்கள் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை, அவ்வளவுதான். மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரு தரம் படம் எடுத்துவிட்டுப் போகவில்லை, இரண்டு தரம் நேரில் வந்து பார்த்திருக்கிறார்.

கேள்வி: மகளுக்கு 30 வாரம். வலி வந்து வாட்டில் வைத்து, பிள்ளையின் நுரையீரலுக்கு என்று ஊசி போட்டார்கள். வலி நின்றுவிட்டது. பிள்ளை முந்திப் பிறந்தால் இந்த ஸ்கேன் உதவுமா?
— ஓர் அம்மாயி, மஸ்கெலியா

பதில்: உதவும் அம்மா. முந்திப் பிறக்கும் பிள்ளையின் நுரையீரலில் சர்பக்டன்ட் என்ற வழுவழுப்பு போதாது. அது இல்லாவிட்டால் மூச்சு விடும்போதெல்லாம் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். மகளுக்குப் போட்ட ஊசி அதைச் சீக்கிரம் ஊற வைக்கத்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கென்னடியின் மகன் ஞாபகம் வரும். 1963இல் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த பிள்ளை. அமெரிக்க ஜனாதிபதியின் பிள்ளைக்கே அன்று மருந்து இல்லை. 39 மணித்தியாலத்தில் போய்விட்டது. 1980இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா மூச்சுக்குழாய் வழியே சர்பக்டன்ட் கொடுத்துக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. இப்போது நெஞ்சை ஆறு இடமாகப் பிரித்து ஸ்கேன் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடும் முறை இருக்கிறது. மொத்தம் 18. புள்ளி ஏற ஏற நுரையீரல் மோசம். மருந்து வேண்டுமா என்று காலம் தாழ்த்தாமல் முடிவெடுக்க அது கைகொடுக்கும். ஸ்கேன் குணமாக்காது, முந்திச் சொல்லும். மகளுக்குத் திரும்ப வலி வந்தால், இரவானாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பிள்ளை தூக்கத்தில் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுகிறது. பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், லிந்துலை

பதில்: ஐந்து, பத்து விநாடி நின்று, தானாகத் தொடர்ந்து, நிறமும் மாறாவிட்டால் பயம் வேண்டாம். உடுப்பை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணிப் பெருக்க வேண்டாம். தூங்கும்போது 60க்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, மூக்கு விடைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, 20 விநாடிக்கு மூச்சு நின்றாலோ உடனே 1990க்கு அடியுங்கள். காசில்லாத அம்புலன்ஸ். அது வரும்வரை பிள்ளையை உங்கள் வெறும் நெஞ்சோடு அணைத்துப் போர்த்தி வைத்திருங்கள், பாலை வற்புறுத்திப் புகட்ட வேண்டாம். அடுப்புப் புகை இருக்கும் அறையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.