பனி புல்லு மேலதானே டீச்சர் இருக்கும்?

கேள்வி: நெல்லை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள். ‘குளிர்காலம்’ என்று ஓவியக் காட்சி வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை பஞ்சும் வெள்ளை சார்ட்டும் வாங்கித் தந்திருக்கிறார். இணையத்தில் தேடினால் பனி மனிதனும் பென்குவினும்தான் வருகின்றன. ஒரு பனி மனிதனைச் செய்து காட்டினேன். “பனி புல்லு மேலதானே டீச்சர் இருக்கும், இது என்ன ஆள் மாதிரி நிக்குது?” என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளை வேறு என்ன செய்ய வைக்கலாம்?

பதில்: அன்புள்ள டீச்சர், அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. புல் நுனியில் நிற்கும் துளிக்கும் பனி என்கிறோம், இமயத்தில் உறைந்து கிடப்பதற்கும் பனி என்கிறோம். அவன் முதல் பனியைக் கண்ணால் பார்த்தவன். தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்று இரண்டு அவனுடைய பனியின் பெயரில்தான் இருக்கின்றன. அவன் பார்த்ததை முதலில் வரையட்டும். பார்க்காத பனிக்கு அங்கிருந்து கூட்டிப் போகலாம்.

முதல் நாள் பென்சிலே வேண்டாம். “நாளைக்குக் காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடி வாசலுக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் அவர்களே கொண்டு வருவார்கள்: தாத்தாவின் மப்ளர், வேலியில் துளி கோத்த சிலந்தி வலை, கோலத்தின் நடுவே சாணியில் செருகிய பூசணிப்பூ, சருகைக் கொளுத்திக் குளிர் காய்கிறவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் நானே ஒன்றை வரைந்து காட்டிவிட்டு, பிறகு பிள்ளைகளை வரையச் சொல்வேன். முப்பது பேரும் என் படத்தையே திருப்பிக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மாதிரி காட்டாதீர்கள். பொருளை எப்படிக் கையாள்வது என்று காட்டினால் போதும்.

சிலந்தி வலைக்கு மெழுகுவர்த்தித் துண்டு போதும். வெள்ளைத் தாளில் அதை அழுத்தி வலையையும் துளிகளையும் வரைந்துவிட்டு, மேலே நீல வாட்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்துப் பூசச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது, வலை வெள்ளையாக எழுந்து வரும். அந்த நொடியில் வகுப்பே சத்தம் போடும், போடட்டும். பூச்சு ஈரம் மினுங்கும்போதே தூள் உப்பைச் சிட்டிகை தூவினால், உப்பு நிறத்தை இழுத்துப் பனி படிந்தது போன்ற புள்ளிகளை விட்டுப் போகும். தண்ணீர் தேங்கி நின்றால் உப்பு கரைந்துவிடும், காய்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. நோட்டுத் தாள் இதற்குத் தாங்காது, சார்ட்டை வெட்டிக் கொடுங்கள்.

குளிர் காயும் காட்சிக்குக் கறுப்பு சார்ட்டும் சாக்பீஸும். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து வரைந்தால் காய்ந்த பிறகு கோடு நன்றாக வெளுத்துத் தெரியும். தலைமையாசிரியை தந்த பஞ்சுக்கும் இங்கே வேலை உண்டு. அதை மெல்லிசாக இழுத்துப் பிரித்து ஒட்டினால் புகையாகும், மூட்டமாகும். உருட்டி ஒட்டினால் பஞ்சாகவேதான் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. மார்கழிக் கோலத்தை வகுப்புக்குள் கொண்டு வாருங்கள். 7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை: நடு வரிசையில் 7, மேலும் கீழும் இடைவெளிகளுக்கு நேராக ஒவ்வொன்றாகக் குறைந்து 4. பிள்ளைகளே எண்ணட்டும், 37 புள்ளி வரும். வரிசைகளைச் சற்று நெருக்கி வைத்தால் ஓரப் புள்ளிகள் ஆறு பக்கம் சமமான வடிவமாக நிற்கும். கோலம் பெண் பிள்ளைகள் வேலை என்று பையன்கள் ஒதுங்கினால், எண்ணும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்து உள்ளே இழுத்துவிடுங்கள்.

இனி உறைபனிக்குப் போகலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி மகன். 1885இல், 19 வயதில், நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிப் படிகத்தைப் படம் எடுத்தார். வாழ்நாளில் 5,000க்கு மேல் எடுத்தார். பனிப் படிகம் ஆறு பக்கமாகத்தான் வளரும், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வட்டமாக வெட்டிய தாளைக் கொடுங்கள். பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்றாக மடித்து, மறுபடி ஒருமுறை பாதியாக மடிக்க வேண்டும். பலரும் பாதி பாதியாகவே மடித்துக்கொண்டு போவதால் எட்டு முனை வந்துவிடுகிறது. மடித்தால் 12 அடுக்கு சேர்வதால் பட்டம் செய்யும் தாள்தான் சரி, பிள்ளைகளின் கத்தரி சார்ட்டை வெட்டாது. விரித்த படிகத்தைக் கோலத்தின் நடுவில் வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு முனையும் ஆறு மூலையைப் பார்த்து நிற்கும். வாசலில் அம்மா போடும் கோலமும் வானத்திலிருந்து விழும் படிகமும் ஒரே கணக்கு என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வரை நீங்கள் வாய் திறக்காதீர்கள்.

தெர்மாகோல் வேண்டாம். உடைத்தால் உருண்டை உருண்டையாகப் பறந்து கடைசியில் குளத்துக்குத்தான் போகும்.

குளம் என்றதும், உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்தை விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் அங்கே வரும் பட்டைத்தலை வாத்து, மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைக் கடந்து வருகிற பறவை. வெள்ளைத் தலையில் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, மூன்றாம் வகுப்புக் கைக்கு எளிது. இரண்டாம் பருவத் தேர்வுக்கு முன் நேரம் இல்லையென்றால் பொங்கலுக்கு முன்னால் செய்யுங்கள். ஒரு முழு சார்ட்டை நடுவில் மடித்து, இடப்பக்கம் பனிமலை, வலப்பக்கம் குளமும் வயலும். மலைக்கு வெள்ளை பூச வேண்டாம், சுற்றியுள்ள வானத்தை நீலமாக்கினால் தாளின் வெள்ளையே மலையாகிவிடும். வாத்துகளைத் தனியே வெட்டி, மடிப்புக் கோட்டைத் தாண்டிப் பறக்கிற மாதிரி ஒட்டட்டும்.

நீங்கள் செய்து வைத்த பனி மனிதனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சார்ட் முடிந்ததும் அதைக் கேள்வி கேட்ட பையன் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் ஒட்டலாம் என்று கேளுங்கள்.