பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சாவிட்டால்

டிஷ்யூ ரோலுக்கு மாற்றாக நீங்கள் விற்கும் சமையலறைப் பருத்தித் துணி தண்ணீரை உறிஞ்சவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். துணியை மாற்ற வேண்டாம். வெட்டித் தைப்பதற்கு முன்னால் அதை வேகவையுங்கள்.

காடா துணியை (வெளுக்காத, சாயம் போடாத, தறியிலிருந்து வந்தபடியே உள்ள துணி) வாங்கி அப்படியே தைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அதுதான் காரணம். பருத்தி இழையில் இயல்பாகவே மெழுகு உண்டு. நெய்வதற்கு முன் பாவு நூலுக்கு (நீளவாக்கில் ஓடும் நூல்) கஞ்சியும் ஏற்றுவார்கள். இரண்டும் போகாமல் தண்ணீர் உள்ளே இறங்காது.

1. துணியை டம்ளர் வாயில் இழுத்துக் கட்டி ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப் போல உருண்டு நின்றால் மெழுகுதான். உடனே பரவினால் சிக்கல் வேறு. நெசவு மெல்லியதா என்று பாருங்கள்.

2. இரவு முழுக்க வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். அப்புறம் ஒரு கிலோ துணிக்கு 20 கிராம் சலவை சோடா, கொஞ்சம் சோப்புத் தூள் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், பயப்படாதீர்கள், அழுக்கும் மெழுகும் கழன்று வருகிறது. நன்றாக அலசிக் காயவைத்து மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள்.

துணி சுருங்கும், அதனால் அளவெடுப்பது இதற்குப் பிறகுதான். சாயம் போட்ட துணிக்கு இந்த முறை ஆகாது. வாங்குபவர்களிடம் ஃபேப்ரிக் கண்டிஷனர் போட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். போட்டால் உறிஞ்சுவது மறுபடி குறைந்துவிடும்.