பெரு நாட்டின் கோக்கீத்தோ வாத்தியார்: கேள்வி பதில்

லத்தீன் அமெரிக்காவில் பிள்ளைகள் ஸ்பானியம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் ‘கோக்கீத்தோ’ நூலைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

யார் எழுதியது? அரசுப் பாடநூலா?

எழுதியவர் எவெரார்தோ சபாத்தா சாந்தியானா. 1926-ல் தெற்குப் பெருவின் அரெக்கிப்பா பகுதியில், புந்தா தெ போம்போன் என்ற ஊரில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். நூல் வெளிவந்த ஆண்டு 1955. அரசு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்த புத்தகம் இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்குவது. பெருவைத் தாண்டிப் பக்கத்து நாடுகளுக்கும் போயிருக்கிறது.

எழுதப் படிக்கக் கற்பதில் அந்தக் காலத்துப் பெருவில் அப்படி என்ன அவசரம்?

ஓட்டுப் போட முடியாது, அதுதான். எழுத்தறிவில்லாதவர்களுக்கு அப்போது அங்கே வாக்குரிமை இல்லை. தேசியத் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் அதே 1955-ல்தான், அதுவும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு மட்டும். 1979 அரசியல் சட்டம் வரும்வரை இந்தத் தடை நீடித்தது. மலைப்பகுதியில் கெச்சுவா என்ற பூர்வகுடி மொழி பேசும் குடியானவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் வெளியே நிறுத்தப்பட்டார்கள். வாத்தியார் ஓட்டை நினைத்துப் புத்தகம் போட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படி ஒரு நாட்டில், படிக்காத அப்பா தன் பிள்ளைக்கு முதல் புத்தகம் வாங்குவதன் கனம் வேறு.

அகரவரிசையில் சொல்லித் தருவதில்லையாமே?

இல்லை. படம், படத்துக்கு ஒரு சொல், அந்தச் சொல்லைப் பிரித்தால் வரும் அசைகள், அந்த அசைகளை மாற்றிக் கூட்டினால் வரும் புதுச் சொற்கள். இந்த வகை நூல்கள் எல்லாம் போகும் வழி இது. நானே ஒரு உதாரணம் தருகிறேன். மா, மே, மீ, மோ, மூ ஒரு வரிசை. சா, சே, சீ, சோ, சூ இன்னொன்று. இரண்டையும் கலந்தால் ‘மாசா’ பிசைந்த மாவு, ‘மேசா’ மேசை, ‘மீசா’ தேவாலயப் பூசை, ‘சூமா’ கூட்டல். இரண்டே மெய், ஐந்து உயிர், அதற்குள் பிள்ளைக்குத் தெரிந்த நாலு சொல் கிடைத்துவிடுகிறது. ‘நான் படிக்கிறேன்’ என்ற தைரியம் முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும்.

தொல்லை தரும் எழுத்துகள் பின்னால் வரும். ‘சே’ (c) என்ற எழுத்து அகரத்தோடு சேர்ந்தால் ‘கா’, எகரத்தோடு சேர்ந்தால் ‘சே’. ‘ஆச்சே’ (h) என்று ஒன்று, தனியாக நின்றால் அதற்குச் சத்தமே கிடையாது. இவை ஒரு கைப்பிடிதான், மற்றபடி எழுதியபடியே படிக்கலாம். நூலின் வெற்றியில் பாதியை ஸ்பானிய எழுத்துமுறைக்கே கொடுக்க வேண்டும் என்பேன். ஆங்கிலத்தை இப்படிக் கற்பித்துப் பாருங்கள், இரண்டாவது வாரமே விதிவிலக்குகள் வந்து நிற்கும்.

அப்படியானால் நம் அரிச்சுவடி மாதிரிதானே?

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ‘மி’ நமக்கு ஓரெழுத்து. அங்கே இரண்டு எழுத்தைப் பிள்ளைதான் கூட்டிச் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயரைச் சொல்லி ‘எமெ, ஈ’ என்று எவ்வளவு வேகமாகக் கூட்டினாலும் ‘மீ’ வராது. அதனால்தான் பெயரை விட்டுவிட்டு ஒலியிலிருந்து தொடங்கினார்கள். இதில் சபாத்தா முதல் ஆள் இல்லை. சிலி நாட்டுக்காரர் கிளாவுதியோ மாத்தே 1884-லேயே இப்படி ஒரு நூல் போட்டுவிட்டார். முதல் பாடம் கண் என்பதால் அதற்குக் ‘கண் சுவடி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டில் கெச்சுவா பேசும் பிள்ளைக்கு இது உதவுமா?

நல்ல கேள்வி. கெச்சுவாவில் அடிப்படை உயிரொலி மூன்றே: அ, இ, உ. ஸ்பானியத்தின் ‘மேசா’வும் ‘மீசா’வும், ‘பேசோ’வும் (எடை) ‘பீசோ’வும் (தரை) அந்தக் காதுக்கு எளிதில் பிரிந்து கேட்காது. ஐந்து உயிர்களின் வரிசையை மனப்பாடமாக ஒப்பித்துவிடும். எழுதச் சொன்னால் மாறிப்போகும், பக்கத்து பெஞ்சு சிரிக்கும். பொருளும் தெரியாமல் பக்கம் பக்கமாகச் சத்தம் போட்டுப் படிக்கிற நிலை அதைவிட மோசம். புத்தகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தெரியாத மொழியில் முதல் வாசிப்பைத் தொடங்கவைத்த பள்ளிக்கூடத்தைத்தான் கேட்க வேண்டும். கெச்சுவாவைப் பெரு ஆட்சிமொழி ஆக்கியதே 1975-ல்தான்.

கல்வியாளர்கள் இதைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்களே?

எமிலியா ஃபெர்ரெய்ரோவும் ஆனா தெபெரோஸ்கியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அந்தக் குரல் வலுத்தது. பிள்ளை வெறுங்கையோடு பள்ளிக்கு வருவதில்லை, எழுத்தைப் பற்றித் தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டுதான் வருகிறது என்றார்கள். சரிதான். ‘மீ மமா மே மீமா’ (அம்மா என்னைக் கொஞ்சுகிறாள்) என்ற வாக்கியம் எழுத்துக்காகச் செய்தது, எந்தப் பிள்ளையும் அப்படிப் பேசாது. 1990-களில் பெருவின் பள்ளிச் சீர்திருத்தமும் புதிய வழிக்கே போனது. ஆனாலும் கோக்கீத்தோ கடையை விட்டுப் போகவில்லை. என்னைக் கேட்டால் முதல் சில மாதம் எழுத்துக்கூட்ட இது இருக்கட்டும், கூடவே யாராவது கதை படித்துக் காட்டட்டும். இதை மட்டும் வைத்து ஒரு வருடம் ஓட்டுவதுதான் தப்பு.

ஸ்பானியம் கற்கும் பெரியவர்கள் வாங்கலாமா?

வாய்விட்டுப் படித்துப் பழக வாங்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும். வினைச்சொல் மாற்றங்களுக்குத் தனியே இலக்கண நூல் வேண்டும். ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பெரும்பகுதியில் ‘சேத்தா’ (z) எழுத்துக்கு நாக்குநுனி பல்லிடுக்கில் வரும். பெருவில் அதுவும் வெறும் ‘ஸ’தான்.