என் இடம், என் கடை: உள்ளே புகை பிடிக்க விடலாமா?

கேள்வி: சொந்தப் பட்டா நிலத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். உள்ளே எட்டுப் பேர் உட்காரலாம். பின்பக்கம் தகரக் கூரை போட்டு, சிகரெட் பிடிப்பவர்களுக்கென்றே ஒரு பெஞ்ச் போட்டிருக்கிறேன். சுகாதார ஆய்வாளர் வந்து அபராதம் போட்டுவிட்டார். இடம் என்னுடையது, வருகிறவர்களும் விருப்பப்பட்டுத்தான் வருகிறார்கள். இதில் அரசு தலையிடலாமா? அபராதம் கட்டாமல் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் 200 ரூபாய்க்காக வக்கீல் பீஸ் கொடுத்துத் தோற்பீர்கள்.

2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், இடம் யாருடையது என்று பார்ப்பதில்லை. அங்கே யார் வந்து போகிறார்கள் என்றுதான் பார்க்கிறது. உரிமையாகவோ, நீங்கள் அனுமதித்தோ, பொதுமக்கள் வந்து போகும் இடம் எல்லாம் ‘பொது இடம்’. உணவகம் என்று பெயர் சொல்லியே அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள் பிடித்தால் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. அதே கூடத்தில் பெஞ்ச் போட்டு டீ விற்றால் பார்க்கும்.

சொத்துரிமையைச் சொல்கிறீர்கள். 1978இல் வந்த அரசியல் சட்டத்தின் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு அது அடிப்படை உரிமை இல்லை. 300ஏ பிரிவின்படி, சட்டத்தின் வழியாக அல்லாமல் உங்கள் சொத்தைப் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான். இங்கே யாரும் எதையும் பறிக்கவில்லை. தொழில் செய்யும் உரிமை அடிப்படை உரிமைதான், ஆனால் பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசியல் சட்டமே இடம் தருகிறது. மறுபக்கம், அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்க நேர்வதை வாழும் உரிமையோடு சேர்த்துப் பார்த்து, பொது இடங்களில் புகைக்கத் தடை விதிக்கும்படி 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

‘விருப்பப்பட்டு வருகிறார்கள்’ என்பது வாடிக்கையாளருக்குச் சரி. டீ ஆற்றுகிறவரும் கிளாஸ் கழுவும் பையனும்? அவர்கள் அந்தப் புகைக்குள் நாள் முழுக்க நிற்பது சம்பளத்துக்காக. என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் வலுவான நியாயமே அதுதான்.

ஒரு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகமும் 30 அறை கொண்ட ஓட்டலும் விமான நிலையமும் புகைக்கத் தனி அறை வைத்துக்கொள்ளலாம். நாலு பக்கமும் முழுச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகை நேராக வெளியே போகும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். பெரிய ஓட்டலுக்குக் கதவு, டீக்கடைக்கு அபராதம்! ஆனால் அந்தச் சலுகையை எதிர்த்து வாதாடினால் அது ரத்தாகலாமே தவிர, உங்கள் பெஞ்சுக்கு அனுமதி கிடைக்காது.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். தகரக் கூரை பெஞ்சை எடுத்துவிடுங்கள். திறந்தவெளி சட்டத்தில் சேராதே என்று கூரையை மட்டும் கழற்ற நினைக்காதீர்கள். பொதுமக்கள் வந்து போகும் திறந்த இடங்களையும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2008 விதிகள் தடைக்குள் இழுத்துவிட்டன. நீங்கள் போட்ட பெஞ்சைக் கடையின் பகுதியாகத்தான் பார்ப்பார்கள். வாசலில் 60க்கு 30 செ.மீ. அளவில், இங்கே புகைப்பது குற்றம் என்ற பலகை வேண்டும். புகார் சொல்ல யாரை அணுகுவது என்ற பெயரும் எழுதியிருக்க வேண்டும். யாராவது புகார் சொல்லியும் நீங்கள் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை அபராதமும் உங்கள் தலையில் விழும்.

அப்புறம், பல கடைகளில் தூணில் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கங்கு அணையாமல் கனன்றுகொண்டே இருக்கும். உங்கள் கடையில் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் என்று புகைக்க உதவும் எதையும் அங்கே வைக்கக் கூடாது. ஆய்வாளர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கயிறுதான்.

சிகரெட் விற்கவும் செய்கிறீர்களா? 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பது குற்றம் என்ற பலகை தனியாக வேண்டும். பக்கத்தில் பள்ளியோ கல்லூரியோ இருந்தால் அதன் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கவே முடியாது. சாலை வழியாக அளக்க மாட்டார்கள், நேர்கோட்டில்தான் அளப்பார்கள். அபராதம் கட்டும்போது ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லையென்றால் கட்ட வேண்டாம்.