பழைய கிடார் வாங்கலாமா? ஸ்கேலோடு போங்கள்

கிருஷ்ணகிரியில் ஒருவர் 1970-களின் யமஹா அக்கூஸ்டிக் கிடாரை விற்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இன்னும் கையில் எடுத்திருக்கமாட்டீர்கள், படத்தைப் பார்த்தே மயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாங்கலாம். ஆனால் இரண்டடி ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்காதீர்கள்.

இசை தெரிந்தவர்கள் சிரிக்கலாம். நான் கச்சேரிக்காரன் அல்லன். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவனுக்குக் கிடாரின் அருமை புரியாது என்று என் மைத்துனரே சொல்லியிருக்கிறார். அவர் அருமை பார்த்து வாங்கிய கிடார் இப்போது பரணில் இருக்கிறது. குடும்ப விஷயம், அதற்கு மேல் வேண்டாம்.

பெங்களூரில் ஒரு கடையில் எனக்கு ஓர் அமெரிக்கக் கிடாரைக் காட்டினார்கள். 1960-களில் செய்தது, பிரேசில் ரோஸ்வுட் என்றார் கடைக்காரர். உண்மையென்றால் அவர் சொன்ன விலைக்கு யாரும் விற்கமாட்டார்கள். அமெரிக்காவின் பேர்பெற்ற கிடார் நிறுவனமான மார்ட்டினே 1969-இல் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் நீலகிரிப் பக்கத்து ஈட்டிக்கு மாறிவிட்டது. அதனால்தான் 'பிரேசில்' என்ற பெயருக்கு அத்தனை கிராக்கி. நான் மரத்தைப் பற்றி வாதாடவில்லை. "கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

ஏனென்றால் கம்பிகள் தளர்ந்து கிடந்தன. ஆறு எஃகுக் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது ஏறத்தாழ 70 கிலோ இழுவிசை இருக்கும். ஆண்டுக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கித்தான் பழைய கிடாரின் கழுத்து முன்பக்கமாகச் சாய்கிறது, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டைக்குப் பின்னால் மேல்பலகை வயிறு தள்ளுகிறது. கம்பி தளர்ந்திருந்தால் இந்தக் குறை முழுதாகத் தெரியாது. சுருதி ஏறியதும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பன்னிரண்டாவதின் மேல் தடித்த கம்பியின் உயரத்தை அளந்தேன்: 4 மில்லிமீட்டர். இரண்டரைக்குள் இருந்தால்தான் விரலுக்குச் சுகம். பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டான சாடிலைத் தேய்த்துத் தாழ்த்தித் தருகிறேன் என்றார் கடைக்காரர். தேய்ப்பதற்குச் சாடிலில் மிச்சம் எதுவும் இல்லை, யாரோ முன்பே தேய்த்துவிட்டிருந்தார்கள்.

பிறகு ஃப்ரெட்டுகளின் மேல் ஸ்கேலை நீளவாக்கில் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை தள்ளினேன். கழுத்துக் கோணம் சரியாக இருந்தால் ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொடும். இங்கே மேல்விளிம்புக்குக் கீழே, பிரிட்ஜின் பக்கவாட்டின் நடுவில் போய் முட்டியது. அப்படியென்றால் கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி, மறுபடி ஒட்ட வேண்டும். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கழுத்தின் வளைவைத்தான் சரிசெய்யும், கோணத்தை அல்ல.

"சார், கிடார் வாங்க வந்தீர்களா, ஆடிட் செய்ய வந்தீர்களா?" என்றார் கடைக்காரர். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

கடைசியில் கிருஷ்ணகிரியிலேயே, தேவாலயப் பாடற்குழுவில் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் யமஹா எஃப்ஜி-180 கிடைத்தது. உள்ளே லேபிளில் 'நிப்பான் காக்கி' என்றிருந்தது. அந்த நிறுவனம் யமஹா என்று பெயர் மாற்றிக்கொண்டது 1987-இல்தான், எனவே பழையது என்பதில் சந்தேகமில்லை. ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்பலகை அடுக்கடுக்காக ஒட்டிய பிளைவுட். ஒற்றைப் பலகை போலக் காலப்போக்கில் ஒலி கனிந்துவரும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரல் மாதத்து வறட்சியில் ஒற்றைப் பலகை விரிசல் விடும் ஊர் இது. இங்கே பிளைவுட்டைக் கேவலமாகப் பேசுபவர்கள் ஈரக்காற்று வீசும் சென்னையில் இருந்துகொண்டு பேசுகிறார்கள். ஸ்கேல் வைத்தேன், விளிம்பில் உட்கார்ந்தது. பெரியவர், "தம்பி, முதலில் ஒரு பாட்டு வாசித்துப் பாரேன்" என்றார். வாசித்தேன், வாங்கினேன்.

ஓசூருக்குத் திரும்பும்போது பஸ் கண்டக்டர் கிடாருக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். மடியில்தான் வைத்திருந்தேன். அதே பஸ்ஸில் நடைபாதை முழுக்க மாம்பழக் கூடைகள், அவற்றுக்கு ஒரு வார்த்தை இல்லை. கூடைக்காரர் தெரிந்தவராம்! தொகை சிறிதுதான், ஆனால் நியாயம் என்று ஒன்று இல்லையா?

நீங்கள் விலையைச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கழுத்தைக் கழற்றி ஒட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து இல்லை, பெங்களூருக்குத்தான் போக வேண்டும். ஸ்கேல் பிரிட்ஜில் முட்டினால் அங்கே ஒருவரிடம் கூலியைத் தொலைபேசியில் கேட்டு, விற்பவர் சொல்லும் விலையில் கழியுங்கள். கழித்தது போக மிஞ்சுவதற்கு அவர் சம்மதித்தால் எடுங்கள்.