டாபி குழாய் ஃபாசில்கா வரை வருமா? – கேள்வி பதில்

துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு எரிவாயு கொண்டுவரும் 'டாபி' திட்டம் பற்றியும் அதன் அக்கம்பக்கம் பற்றியும் வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: சார், டாபி டாபி என்று வருடக்கணக்கில் செய்தியில் படிக்கிறேன். இப்போது எங்கேதான் நிற்கிறது?

ஹெராத் பக்கம். துர்க்மெனிஸ்தானின் கல்கினிஷ் எரிவாயு வயலில் தொடங்கி ஹெராத், காந்தஹார், குவெட்டா, முல்தான் வழியாக நம் பஞ்சாபில் இருக்கும் ஃபாசில்காவில் முடிய வேண்டிய குழாய் இது. நீளம் சுமார் 1,800 கி.மீ. ஆண்டுக்கு 3,300 கோடி கன மீட்டர் வாயு வர வேண்டும் என்பது கணக்கு.

விழாக்களுக்கு மட்டும் குறைவே இல்லை. 2015 டிசம்பரில் துர்க்மெனிஸ்தானில் ஒன்று. நம் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி போய்வந்தார். 2018 பிப்ரவரியில் ஆப்கன் பகுதிக்கு ஒன்று. 2024 செப்டம்பரில் எல்லையிலிருந்து ஹெராத் வரையிலான துண்டுக்கு இன்னொன்று.

கேள்வி: தாலிபான்தானே முட்டுக்கட்டை?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தக் குழாய் வேண்டும் என்று அதிகம் ஆசைப்படுகிறவர்களே அவர்கள்தான். தொண்ணூறுகளில் அர்ஜென்டினாவின் பிரிதாஸ் எண்ணெய் நிறுவனமும் அமெரிக்காவின் யூனோகால் எண்ணெய் நிறுவனமும் இதே பாதைக்குப் போட்டி போட்டபோது, 1997-இல் தாலிபான் குழு டெக்சாஸுக்கே போய் யூனோகாலோடு பேசியது. 1998 ஆகஸ்டில் நைரோபி, தார் எஸ் சலாமில் இருந்த அமெரிக்கத் தூதரகங்களில் அல்-காய்தாவின் குண்டு வெடித்தது. அந்த இயக்கத்துக்கு இடம் கொடுத்த ஆப்கானிஸ்தான்மீது அமெரிக்கா ஏவுகணை வீசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் யூனோகால் கடையைக் கட்டிவிட்டது.

இன்றைய சிக்கல் கையெழுத்து. திட்டத்தை ஆரம்பத்திலிருந்து கைதூக்கிவிட்டது ஆசிய வளர்ச்சி வங்கி. 2021 ஆகஸ்டில் காபூல் ஆட்சி மாறியதும் ஆப்கானிஸ்தானில் தன் உதவிகளை அது நிறுத்திவைத்தது. பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்காத அரசோடு எந்த வங்கி முப்பது வருடக் கடன் பத்திரம் போடும்? எந்தக் காப்பீட்டு நிறுவனம் கை கொடுக்கும்?

அப்புறம், யாரும் அதிகம் பேசாத காரணம் துர்க்மெனிஸ்தானிடம் இருக்கிறது. பெரிய எண்ணெய் நிறுவனங்கள் குழாய் போட வரத் தயார்தான். ஆனால் வாயு வயலிலும் பங்கு கேட்கும். குழாயில் கிடைக்கும் லாபம் சொற்பம், வயலில்தான் காசு. நிலத்தில் உள்ள வயல்களில் வெளிநாட்டாருக்கு துர்க்மெனிஸ்தான் அரசு லேசில் பங்கு தராது. அதில் விதிவிலக்கு சீனாவின் தேசிய பெட்ரோலிய நிறுவனம். ஆக, டாபியில் அந்நாட்டு அரசு எரிவாயு நிறுவனமான துர்க்மென்காஸ் 85 சதவீதம் தானே வைத்துக்கொண்டது. நம் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலுக்கு 5 சதவீதம். பணமும் அனுபவமும் உள்ள ஒரு பெரிய கை இல்லாமலேயே திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பார்வையில் தாலிபானைவிடப் பெரிய தடை இதுதான்.

கேள்வி: பாகிஸ்தானுக்குப் போக்குவரத்துக் கட்டணம் கிடைக்கும். வருமானத்தை யாராவது கெடுத்துக்கொள்வார்களா? அவர்கள் ஏன் குழாயை மூடப்போகிறார்கள்?

'அமைதிக் குழாய்' என்ற பேச்சு இந்த நம்பிக்கையில்தான் பிறந்தது. வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். பாகிஸ்தான் தன் பங்கை வழியிலேயே இறக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு மிச்சம் ஃபாசில்காவுக்கு வரும். இடையிடையே வால்வுகள் உண்டு. முல்தானைத் தாண்டி ஒன்றை மூடினால் நமக்கு மட்டும் நிற்கும், அவர்கள் அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும். நாம் கடைமடை. மேலே எங்கே தண்ணீர் குறைந்தாலும் முதலில் காய்வது கடைமடைதான். ஹெராத் பக்கம் வாயுவை அழுத்தித் தள்ளும் ஒரு கம்ப்ரஸர் நிலையம் நின்றாலும் அழுத்தம் குறைந்து, கடைசியில் இருப்பவனுக்குத்தான் முதல் அடி.

எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் போர் தொடங்கிய பிறகும் ரஷ்ய வாயு உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது; 2024 கடைசியில் ஒப்பந்தம் முடிந்த பிறகே நின்றது. எதிரி நாட்டு வழியாகக் குழாய் ஓடவே ஓடாது என்று அடித்துச் சொல்ல முடியாது. இங்கே ஆதரவாளர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் 1960-இன் சிந்து நதி ஒப்பந்தம். மூன்று போர்களைத் தாண்டி நின்றதே என்பார்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அதை நிறுத்திவைத்தது இந்தியாதான். சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் இனி அந்த உதாரணத்தைக் காட்டி யாரும் யாரையும் நம்பவைக்க முடியாது, இரண்டு பக்கமும்.

கேள்வி: ஈரான் குழாயை அமெரிக்கா மிரட்டித்தானே நிறுத்தினோம்?

ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வரவிருந்த குழாயைக் கேட்கிறீர்கள். பாதி உண்மை. 2008-இல் அமெரிக்காவோடு அணுசக்தி ஒப்பந்தம் முடிந்தது, மறு வருடம் நாம் நழுவினோம் என்பது சரிதான். ஆனால் விலையில் ஈரான் பிடிகொடுக்காமல் இருந்ததும், வாயு எங்கே நம் கைக்கு வந்ததாகக் கணக்கு என்ற தகராறும் அதற்கு முன்பே இருந்தவை. ஈரான் எல்லையிலா, பாகிஸ்தானைத் தாண்டி நம் எல்லையிலா? இடையில் காணாமல்போனால் நஷ்டம் யாருக்கு என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நாம் விலகியதால் பாகிஸ்தான்தான் மாட்டிக்கொண்டது. 2013 மார்ச்சில் பாகிஸ்தான் அதிபர் சர்தாரியும் ஈரான் அதிபர் அகமதிநெஜாதும் எல்லையில் விழா நடத்தினார்கள். ஈரான் தன் பக்கம் பெரும்பகுதியை முடித்துவிட்டது. அமெரிக்கத் தடைக்குப் பயந்து பாகிஸ்தான் தன் பக்கத்தைத் தள்ளிப்போட்டது. ஒப்பந்தப்படி முடிக்காததற்கு ஈரானுக்கு 1,800 கோடி டாலர் வரை அபராதம் கட்ட வேண்டி வரலாம் என்று பாகிஸ்தானிலேயே பேச்சு.

கேள்வி: ஓமனிலிருந்து கடலுக்கடியில் போட்டால் பாகிஸ்தான் தொல்லையே இல்லையே?

வழியில் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம். ஆய்வறிக்கைகள் வந்துகொண்டேயிருக்கின்றன, பணம் போட ஆள் வரவில்லை.

கேள்வி: அண்ணா, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். மியான்மர் குழாய் என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது தம்பி. எனக்கு நிஜமாகவே வயிறெரிவது இதற்குத்தான். மியான்மரின் ராக்கைன் கரைக்கு அப்பால் கிடைத்த ஷ்வே வாயுவை வங்கதேசம் வழியாகக் கொண்டுவர 2005-இல் மூன்று நாடுகளும் கொள்கையளவில் ஒத்துக்கொண்டன. வங்கதேசம் பதிலுக்குச் சில கேட்டது: நேபாளம், பூட்டானோடு வணிகம் செய்ய இந்திய நிலம் வழியாகப் பாதை, அந்நாடுகளின் நீர்மின்சாரம், வணிகப் பற்றாக்குறையைக் குறைக்க ஏற்பாடு. அவற்றைக் குழாயோடு முடிச்சுப் போட டெல்லி விரும்பவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மியான்மர் சீனாவுக்கு விற்றது. 2013 முதல் மியான்மரின் சௌக்பியூ துறைமுகத்திலிருந்து சீனாவின் யுன்னான் மாகாணம் வரை வாயு ஓடுகிறது. அந்த வயலில் நம் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு உண்டு. நம் நிறுவனங்கள் பங்குதாரர், வாயு போவது சீனாவுக்கு!

தேர்வில் எழுதும்போது இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டாபி ஃபாசில்காவுக்கு, ஈரான் குழாய் பலூசிஸ்தான், சிந்து வழியாக, மியான்மர் குழாயில் பாகிஸ்தானே இல்லை.

கேள்வி: கப்பலில் எல்.என்.ஜி. வரும்போது குழாய் எதற்கு?

அதனால்தான் டெல்லியில் யாருக்கும் அவசரம் இல்லை. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும், கப்பலில் ஏற்றிவிடலாம்; அதுதான் எல்.என்.ஜி. 2004 முதல் குஜராத்தின் தஹேஜ் முனையத்தில் இறங்குகிறது. கத்தாருடன் ஆண்டுக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தம் 2024-இல் 2048 வரை நீட்டிக்கப்பட்டது. ஒருவர் தராவிட்டால் வேறொருவரிடம் கப்பலை அனுப்பலாம். குழாயில் அந்த வசதி கிடையாது. விலைதான் ஏறி இறங்கும், 2022-இல் உக்ரைன் போரின்போது பார்த்தோமே. கத்தார் கப்பல்கள் ஈரானை ஒட்டிய ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: கடைசியாக, உங்கள் கணிப்பு?

ஹெராத்துக்கு வாயு வரும், சின்ன அளவில். காந்தஹாரைத் தாண்டுவதற்குப் பாகிஸ்தான்–ஆப்கன் சண்டை ஓய வேண்டும். ஃபாசில்காவை இந்தப் பத்தாண்டுக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.